மூன்று இருபது பஸ்ஸும் வண்ண வாக்கியமும்

அர்த்தனாரி சாருக்கு ஆங்கில இலக்கணம் அவ்வளவாக வராது. இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை, தலைமையாசிரியரிடமும் கல்வித்துறையிடமும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் தவிர. அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர். கமா எங்கே போடுவது என்று கேட்டால், "மூச்சு வாங்குற இடத்துல போடு கண்ணு" என்பார். கொல்லிமலை ஏற்ற இறக்கத்தில் நடந்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு மூச்சு எங்கே வாங்குகிறது? ஆகவே வளப்பூர் நாடு என்கிற மலைப்பகுதியின் மூலையில் இருக்கும் அந்த அரசு உயர்நிலைப்பள்ளியின் கட்டுரை நோட்டுகளில் கமாவே கிடையாது. சார் எழுதிப் போடும் மாதிரிக் கட்டுரையில் மட்டும் வரிக்கு நாலு கமா இருக்கும். அவர் அடிவாரத்துக்காரர், கொஞ்சம் தொப்பையும் உண்டு.

பள்ளிக்கு ஒரே ஒரு பஸ். பிற்பகல் மூன்று இருபதுக்குப் பள்ளி வாசலைத் தாண்டி மலைக்குள்ளே போகும். கடைசி ஊர்வரை போய்த் திரும்பி, நாலேகாலுக்கு மறுபடி பள்ளி வாசலுக்கு வந்து, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் போய்ச் சேரும். பள்ளி விடுவது நாலு பத்துக்கு. அதாவது உள்ளே போகும்போது பிள்ளைகளுக்கு ஐம்பது நிமிஷம் முந்தி, வெளியே போகும்போது வாத்தியார்களுக்குக் கச்சிதம். ஒன்பது வாத்தியார்களும் கீழே இருந்து வருகிறவர்கள். மணியடித்தால் ஐந்தாவது நிமிஷம் பஸ். "ஆண்டவனாப் பார்த்துக் கொடுத்த டைமிங்" என்று தலைமையாசிரியர் காளியண்ணன் அடிக்கடி சொல்வார். இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே பஸ் நாலரைக்கு உள்ளே போய் ஐந்து இருபத்தைந்துக்குத்தான் திரும்பிக்கொண்டிருந்தது. எப்படி மாறியது என்று அர்த்தனாரி சார் கேட்டதில்லை. நல்லது நடந்தால் ஏன் என்று கேட்கிற கெட்ட பழக்கம் அவரிடம் கிடையாது.

பத்தாம் வகுப்பில் முப்பத்தொரு பேர். பத்தொன்பது பேருக்கு ஊர் உள்ளே. அவர்கள் மூன்று பதினைந்துக்கே பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவார்கள். கடைசிப் பாடவேளை மூன்று இருபத்தைந்துக்குத் தொடங்கும். அது ஆங்கிலம்.

காலாண்டுத் தேர்வில் பதினேழு பேர் ஆங்கிலத்தில் பெயில். பதினேழு பேரும் பஸ் ஏறுகிறவர்கள். இதைச் சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். துறை என்ன குழந்தையா? குழு போட்டது. குழு மூன்று வாரம் ஆராய்ந்து, பிள்ளைகள் எல்லா வாக்கியத்தையும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள், வாக்கியத்தில் வகை இல்லை, அதனால்தான் பெயிலாகிறார்கள் என்று கண்டுபிடித்தது. பிறந்தது வண்ண வாக்கியத் திட்டம்.

பயிற்சி மூன்று நாள், ஏசி ஹாலில் நடந்தது. திட்டத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் கோகிலவாணி மேடம் பேசினார்.

"தனி வாக்கியம் பச்சை. தொடர் வாக்கியம் நீலம். கலவை வாக்கியம் சிவப்பு. கேள்வி மஞ்சள், ஆச்சரியம் ஊதா. இந்த அஞ்சு வண்ணத்துல பிள்ளைங்க அடிக்கோடு போடணும். நான் ஒரு நோட்டைத் திறந்தா ஒரு எழுத்துகூடப் படிக்க வேண்டிய அவசியம் வரக் கூடாது. வண்ணம் சமமா இருக்கான்னு பார்த்தாப் போதும். படிச்சுப் பார்த்து மதிப்பெண் போடறது பழைய முறை. படிச்சா உள்ளடக்கம் கண்ணுல படுது. உள்ளடக்கம் கண்ணுல பட்டா பாரபட்சம் வந்துடுது."

ஹாலே கைதட்டியது. எல்லோரையும்விட ஓங்கித் தட்டியவர் அர்த்தனாரி சார். இலக்கணம் தெரியாமலே இலக்கணம் நடத்த ஒரு வழியை அரசாங்கமே கண்டுபிடித்துக் கொடுத்தால் யார்தான் தட்டமாட்டார்கள்?

வண்ணப் பேனாக்கள் வரவில்லை. பேனாக்கள் வந்து சேர்ந்தன என்று ஒப்புக்கொள்ளும் படிவம் மட்டும் சுற்றறிக்கைக் கோப்பில் வந்தது. அந்தக் கோப்பைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். தினமும் சரியாக நாலு ஐந்துக்கு அது கிளம்பும். ஒன்பது பேரும் தோளில் பை, கையில் டிபன் கேரியர், கண்ணில் பஸ் என்று நிற்கும் நேரம். நாலு நிமிஷத்தில் ஒன்பது கையெழுத்தும் விழுந்து, தலைமையாசிரியர் சீலும் விழுந்துவிடும். ஒருமுறை மழை விடுமுறைக்கான அறிவிப்பே அந்தக் கோப்பில் வந்தது. ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் ஒன்பது பேரும் குடையோடு பள்ளிக்கு வந்து, பிள்ளைகள் ஏன் ஒருத்தரும் வரவில்லை என்று கோபப்பட்டார்கள்.

பேனாப் படிவத்திலும் அப்படியே கையெழுத்து விழுந்தது. பிள்ளைகள் சமாளித்தார்கள். மஞ்சளுக்கு வீட்டு மஞ்சள்தூளைக் குழைத்துக்கொண்டார்கள். ஊதாவுக்கு அறிவியல் எடுக்கும் சுகுணா டீச்சரின் பழைய நெயில் பாலிஷ் கிடைத்தது. கடைசிப் பாடவேளையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கோடு போட்டார்கள். பஸ் ஏறிப் போன பத்தொன்பது பேர், மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்துக் கோடு போட்டார்கள்.

அந்தப் பத்தொன்பது பேரில் ஒருத்தி மணிமேகலை. கணக்கில் தொண்ணூற்றிரண்டு, ஆங்கிலத்தில் பத்தொன்பது. அவள் அம்மா இருசாயி குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் மிளகும் பயிரிட்டுப் பிழைக்கிறவள். பத்தாவது தாண்டாவிட்டால் கீழே மில்லுக்கு அனுப்பிவிடுவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. மணிமேகலை நாலு நாள் கடைசி வகுப்புக்கும் இருந்துவிட்டு, ஏழு கிலோமீட்டர் நடந்தே போய்ப் பார்த்தாள். ஐந்தாம் நாள் ரோட்டோரத்தில் கரடி நின்றது. அதோடு இருசாயி தடை போட்டுவிட்டாள்.

திட்டக் கையேட்டின் ஆறாம் பயிற்சி கடிதம் எழுதுவது. தலைப்பையும் கையேடே கொடுத்திருந்தது. லண்டனில் இருக்கும் மாமா கைக்கடிகாரம் அனுப்பியதற்கு நன்றி தெரிவித்து எழுத வேண்டும், பத்து வாக்கியம், ஐந்து வண்ணம். சாப்பாட்டு நேரத்தில் மணிமேகலை நோட்டோடு வந்து நின்றாள்.

"சார், லண்டன்ல எங்களுக்கு மாமன் யாருமில்லீங்க."

"எனக்கும்தான் இல்ல கண்ணு. இருக்கறாப்புல நெனச்சு எழுது."

"வாட்ச் வந்து என்னங்க சார் பண்றது? பஸ்ஸு நேரத்துக்கு வந்தாப் போதுமுங்க. பஸ் டெப்போவுக்கு எழுதட்டுங்களா?"

அர்த்தனாரி சார் கையேட்டைப் புரட்டிப் பார்த்தார். டெப்போவுக்கு எழுதக் கூடாது என்று எங்கும் போட்டிருக்கவில்லை. "வண்ணம் மட்டும் குறையக் கூடாது" என்றார்.

அவள் எழுதினாள். எங்கள் பஸ் மூன்று இருபதுக்கு வருகிறது, எங்கள் பள்ளி நாலு பத்துக்கு முடிகிறது, பஸ்ஸை விட்டால் ஏழு கிலோமீட்டர், அதில் ஒரு கரடி. நான் ஆங்கில வகுப்பில் இருந்தது நாலே நாள், ஆகவே இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் அதற்கும் பஸ்தான் காரணம். ஐயா, முன்பு போல நாலரைக்கு அனுப்புவீர்களா? அடியில் மஞ்சள் கோடு. கடைசியில் ஆச்சரிய வாக்கியம் ஒன்று குறைந்தது. அவளுக்கு எதைக் கண்டும் ஆச்சரியம் வரவில்லை. யோசித்து, "ஆஹா, என்ன அழகான பஸ்!" என்று ஆங்கிலத்தில் எழுதி நெயில் பாலிஷைத் தடவினாள். அர்த்தனாரி சார் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஆறு கமா சேர்த்துக் கொடுத்தார்.

டிசம்பரில் கோகிலவாணி மேடம் ஜீப்பில் வந்தார். நோட்டுகளைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "பச்சை ஜாஸ்தி." அடுத்தது. "நீலம் நலிஞ்சிருக்கு." மணிமேகலையின் கடிதத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். பக்கத்தை ஒருமுறை தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"அஞ்சும் சமம்! எந்தப் பக்கம் திருப்பினாலும் சமம்! சார், மாவட்டத்துலயே இப்படி ஒரு நோட்டை நான் பார்த்ததில்லை. வாசனைகூட வருதே?"

"மஞ்சளுங்க மேடம்" என்றார் அர்த்தனாரி சார்.

"இதுதான் ஈடுபாடு" என்று குறித்துக்கொண்டார் மேடம். வகுப்பில் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். வராதவர்களுக்குக் காரணம் எழுதும் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: உடல்நலக் குறைவு, ஆர்வமின்மை, பெற்றோர் ஒத்துழைப்பின்மை. பஸ் என்று ஒரு கட்டம் இல்லை. அர்த்தனாரி சார் கொஞ்சம் தயங்கிவிட்டு 'ஆர்வமின்மை'யில் டிக் போட்டார். அதில்தான் கட்டம் பெரிதாக இருந்தது.

கடிதத்துக்கு மாவட்ட முதல் பரிசு கிடைத்தது. விழா மேடையில் அதைப் பெரிய திரையில் காட்டினார்கள். எழுத்து மங்கலாகவும் வண்ணம் பளிச்சென்றும் தெரிந்தது. லேமினேட் செய்த கடிதத்தை மணிமேகலை கையில் கொடுத்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

"மேடம், இந்த லெட்டரை டெப்போவுக்கு எப்பங்க அனுப்புவீங்க?" என்று கேட்டாள் மணிமேகலை. மைக் அணைக்கப்படாமல் இருந்தது.

மேடம் சிரித்தார். "அனுப்பிட்டா கண்காட்சியில எதைம்மா மாட்டறது?"

ஹால் சிரித்தது. அர்த்தனாரி சாருக்கு முதல் தடவையாகக் கை தட்ட வரவில்லை. திரும்பும் வழியெல்லாம் கொதித்துக்கொண்டே வந்தார். "ஒரு வரி படிச்சாங்களா? ஒரே ஒரு வரி! படிக்காமலே பரிசு, படிக்காமலே கையெழுத்து! இதெல்லாம் ஒரு பொழப்பா?" பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தன் கோபம் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவருக்கே அதுவரை தெரியாது.

அந்தச் சனிக்கிழமையே அவர் டெப்போவுக்குப் போனார். பெற்றோர் ஒருவரும் உடன் இருந்தால் நல்லது என்று இருசாயியையும் வரச்சொல்லியிருந்தார். அவள் ஒரு பையில் குச்சிக்கிழங்கோடு வந்திருந்தாள். மேலாளர் செங்கோடன் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அர்த்தனாரி சார் கடிதத்தின் நகலை எடுத்து நீட்டினார்.

"இங்கிலீசெல்லாம் எதுக்குங்க சார்? வாயில சொல்லுங்க."

சொன்னார். சொல்லச் சொல்ல கோபம் திரும்ப வந்தது, நன்றாகவே சொன்னார். செங்கோடன் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அது நாலரைக்குத்தானுங்களே போயிட்டிருந்துச்சு. பள்ளிக்கூடத்துல இருந்து எழுதிக் கொடுத்துத்தான் மாத்துனோம்."

"பள்ளிக்கூடத்துல இருந்தா? எவனுங்க அவன்? மனுசனா அவன்? பேரைச் சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்!"

செங்கோடன் அலமாரியில் இருந்து ஒரு கோப்பை எடுத்து, தூசி தட்டி, விரித்து வைத்தார். பள்ளியின் தாள், தலைமையாசிரியர் சீல், ஒன்பது கையெழுத்து. நாலாவது கையெழுத்தின் கீழே ஒரு கோடும் இரண்டு புள்ளியும் இருந்தன. அர்த்தனாரி சார் இலக்கணத்தில் எப்படியோ, தன் கையெழுத்துக்குப் புள்ளி வைப்பதில் கறாரானவர்.

"என்னங்க சார் எழுதியிருக்குது?" என்றாள் இருசாயி. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தார். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. வேறு வழியில்லாமல் வாசித்தார். "ஆசிரியர்கள் மாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்வதால், பேருந்தை முன்கூட்டியே இயக்குமாறு வேண்டுகிறோம். இதனால் மாணவர்களுக்கு எந்தப் பாதிப்பும் ஏற்படாது என உறுதியளிக்கிறோம்." ஏற்படாது என்ற இடத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"அது உங்க கையெழுத்துங்களா சார்?"

"ஆமாங்கம்மா."

"பிள்ளைகளுக்குப் பாதிப்பில்லைன்னு தெரிஞ்சு போட்டீங்களா?"

"படிக்கலீங்கம்மா. கோப்புல வந்துச்சு, போட்டுட்டேன்."

இருசாயி திட்டவில்லை. திட்டியிருந்தால் அர்த்தனாரி சார் பிழைத்திருப்பார். அவள் அந்தக் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "நான் கைநாட்டுங்க சார். ஆனாலும் ரேசன் கடையிலகூட, பக்கத்துல இருக்கறவங்களப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தானுங்க கட்டை விரல வைப்பேன்" என்றாள். பிறகு கிழங்குப் பையை மேலாளரின் மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். இரண்டு வருஷமாக நாலேகால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப் போனதெல்லாம் அர்த்தனாரி சாருக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. மானம் போயிற்று, அதுவும் போக வேண்டிய இடத்தில்தான் போயிற்று.

"வருத்தப்படாதீங்க சார்" என்றார் செங்கோடன். "அதே மாதிரி இன்னொரு கடுதாசி கொடுங்க. ஒன்பது கையெழுத்து, சீல். அடுத்த வாரமே மாத்திடலாமுங்க."

திங்கட்கிழமை அர்த்தனாரி சார் ஆசிரியர் அறையில் ஆழம் பார்த்தார். "பஸ்ஸு பழையபடி நாலரைக்கே போனா பிள்ளைகளுக்கு நல்லதுல்ல?"

சுகுணா டீச்சர் இரக்கத்தோடு கேட்டார். "ஏனுங்க சார், ஊட்டுல ஏதாச்சும் பிரச்சினையா?"

தலைமையாசிரியர் காளியண்ணன், ஆசிரியர் மகிழ்ச்சியாக இருந்தால்தான் மாணவர் மகிழ்ச்சியாக இருப்பார் என்றும், மகிழ்ச்சிக்கு முதல் படி நேரத்துக்கு வீடு போய்ச் சேருவது என்றும் கால்மணி நேரம் பேசினார். அதோடு பேச்சு முடிந்தது. பரீட்சைக்குப் பத்து வாரம் இருந்தது. மணிமேகலை சாப்பாட்டு நேரத்தில் மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரண்டு மணிக்கு அர்த்தனாரி சார் பள்ளித் தாளில், தமிழில், நாலே வரி எழுதினார். பஸ்ஸை நாலரைக்கு இயக்குமாறு வேண்டுகிறோம், ஆசிரியர்களுக்கு இதனால் எந்தப் பாதிப்பும் ஏற்படாது. எழுதிவிட்டு இரண்டு தடவை படித்தார். இனி அவரும் ஐந்து இருபத்தைந்து பஸ்தான். ஏழரைக்குத்தான் வீடு போய்ச் சேருவார், மனைவியிடம் என்ன சொல்வது என்பது தனிக் கவலை. முதல் கையெழுத்தைத் தானே போட்டு, இரண்டு புள்ளியும் வைத்தார். பிறகு அந்தத் தாளை வண்ண வாக்கியத் திட்டத்தின் பதினான்காம் சுற்றறிக்கைக்கும், கமா விழிப்புணர்வு வார அறிவிப்புக்கும் நடுவில் செருகினார்.

நாலு ஐந்துக்குக் கோப்பு கிளம்பியது. சுகுணா டீச்சர் டிபன் கேரியரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போட்டார். கணக்கு வாத்தியார் செல்போனில் பேசிக்கொண்டே போட்டார். ஒருத்தர் தவறிப்போய் கமா வார அறிவிப்பில் இரண்டு தடவை போட்டார். நாலு ஒன்பதுக்குக் காளியண்ணன் சீலில் ஊதிவிட்டு ஓங்கிக் குத்தினார். அர்த்தனாரி சார் நடுவில் இருந்த தாளை மட்டும் உருவிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வீடு போகிற வழியில் டெப்போவில் கொடுத்தார். இந்தத் துறையில் பதினெட்டு வருஷம் இருந்து கற்றுக்கொண்ட ஒரே வித்தை, கடைசியில் ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது.

பத்து நாளில் பஸ் நாலரைக்கு மாறியது. ஆசிரியர் அறை கொந்தளித்தது. "எந்தப் படுபாவி எழுதிக் கொடுத்தான்?" என்று சத்தம் போட்டவர்களில் அர்த்தனாரி சாரும் உண்டு. அவர் குரல்தான் உரக்கக் கேட்டது. காளியண்ணன் டெப்போவுக்குப் போன் போட்டு அதட்டினார். "எவன்னு பேரைச் சொல்லுங்க!" மறுமுனையில் செங்கோடன் பணிவாகச் சொன்னது அறைக்குக் கேட்கவில்லை. காளியண்ணனின் முகம் மட்டும் மெல்ல மாறியது. போனை வைத்தார். "மேலிடத்து முடிவாம். ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

கடைசிப் பாடவேளைக்கு இப்போது முப்பத்தொரு பேரும் இருந்தார்கள். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்த அர்த்தனாரி சார் முப்பத்தொரு தலையையும் இரண்டு தடவை எண்ணினார். இரண்டு வருஷமாகப் பிள்ளைகள் பெயிலானதற்குப் பஸ் இருந்தது. இனி யாரைச் சொல்வது? அன்று ராத்திரி பழைய இலக்கணப் புத்தகத்தைத் தேடி எடுத்து, கமா போடும் இடங்கள் என்ற பாடத்தை முதலிலிருந்து படித்தார். மூச்சைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

மாத இறுதியில் திட்ட அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. வருகை பன்னிரண்டிலிருந்து முப்பத்தொன்றாக உயர்ந்ததற்குப் பாராட்டு, காரணத்தைக் குறிப்பிடவும். இரண்டே கட்டம். வண்ணப் பேனாக்கள், மேடத்தின் பயிற்சி. வராந்தாவில் கைப்பிடிச் சுவரில் வைத்து, வழக்கம்போல நாலாம் பக்கத்துக்குத் திருப்பி, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். மணி நாலேகால். நாலரை பஸ்ஸுக்கு நின்ற மணிமேகலை பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"சார்."

"என்ன கண்ணு?"

"அம்மா சொல்லச் சொல்லுச்சுங்க. படிச்சுட்டுப் போடுங்க சார்."

அர்த்தனாரி சார் பேனாவை மூடினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அவசரம் ஒன்றும் இல்லை, அவர் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.